கொடியேற்றமும் கொடியிறக்கமும்: அலகுச் சோதனையில் ஆயத்தமும் துப்புரவும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஆனி மாத மகோற்சவம் கொடியேற்றத்துடன் தொடங்கிக் கொடியிறக்கத்துடன் நிறைவெய்துகின்றது. தேரையும் தீர்த்தத்தையும் கண்ட அடியார்களிற் பெரும்பாலோர் குறிகட்டுவானுக்குப் படகேறிவிடுவர். கொடியிறக்கத்தைக் காண எஞ்சியிருப்போர் சிலரே. ஆயினும் அக்கிரியை நிகழாது விழா முடிந்ததெனத் தீவார் எவரும் சொல்லார். கொடியை ஏற்றியமையாலேயே ஏற்பட்ட கடமை அது. பார்ப்பார் தொகையைப் பொறுத்ததன்று.

தீவகத்திற் பிறந்து, கணினித்துறையிற் கற்பித்துவரும் எனக்கு, மாணவர் எழுதும் சோதனைச் செய்நிரல்களைத் திருத்தும்போதெல்லாம் இவ்விழாவே நினைவுக்கு வருகின்றது. அவர்கள் கொடியை ஆரவாரத்துடன் ஏற்றுகின்றனர், இறக்க மறந்துவிடுகின்றனர். இதனைச் சிறியதோர் ஒழுங்கீனமாகக் கருதிப் புள்ளி குறைக்காது விடும் விரிவுரையாளர்களும் நம்மிடையே உளர். அவர்தம் கருத்து முற்றிலும் பிழையானது என்பதும், துப்புரவு செய்யாத சோதனை பொய்ச்சாட்சி சொல்ல வல்லது என்பதும், ஆயத்தம் செய்தவனே அந்தக் கணத்திலேயே துப்புரவுக்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்ச் சங்கத்து ஏட்டில் இத்தகைய பொருளுக்கு இடமேது என வினவுவோர் இருக்கக்கூடும். விஞ்ஞானத்தின் பெருமையைத் தமிழிற் பேசினால் மட்டும் போதாது. அதன் தொழில் நுணுக்கங்களைப் பற்றித் தமிழில் வழக்காடவும் இயலவேண்டும். அதுவே என் விடை.

சொற்களும் பொருளும்

பிற துறையினர் பொருட்டுச் சில விளக்கங்கள் தேவை. மென்பொருளின் மிகச் சிறிய பகுதியொன்றைத் தனியே பிரித்தெடுத்து, குறித்த உள்ளீட்டுக்குக் குறித்த விடை வருகின்றதா எனக் கணினியைக் கொண்டே பரிசீலிப்பது அலகுச் சோதனை. விடை சரியாயின் சோதனை தேறியது என்பதற்குப் பச்சை அடையாளமும், பிழையாயின் தவறியது என்பதற்குச் சிவப்பு அடையாளமும் திரையில் தோன்றும்.

இரசாயன ஆய்கூடத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சோதனைக் குழாயைக் கழுவி, வேண்டிய கரைசலை அளந்து ஊற்றிய பின்னரே சோதனை தொடங்குகின்றது; முடிந்ததும் குழாய் மீண்டும் கழுவப்படுகின்றது. முன்னையதை ஆயத்தம் என்றும் பின்னையதைத் துப்புரவு என்றும் இங்கு வழங்குவோம். ஆங்கிலத்தில் அவற்றுக்கு 'செற்அப்', 'ரெயர்டவுன்' என்னும் பெயர்கள் நிலைத்துவிட்டன. அமெரிக்கரான கென்ற் பெக் 1994இல் ஸ்மோல்ரோக் மொழிக்கென வகுத்த சோதனைச் சட்டகத்தில் இவ்விரண்டும் இடம்பெற்றன. 1997இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அத்திலாந்தாவுக்குச் சென்ற விமானப் பயணத்தின்போது ஜாவா மொழிக்காக எழுதத் தொடங்கிய ஜேயுனிற் என்னும் கருவி அவற்றை உலகெங்கும் பரப்பிற்று. 2006இல் வெளிவந்த நான்காம் பதிப்பும் 2017இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பும் அம்முறைகளைக் குறிக்கும் வழக்கை மாற்றினவேயன்றி நியதியை மாற்றவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர் ஆயத்த முறையும் பின்னர் துப்புரவு முறையும் இயங்கவேண்டும். அவற்றைக் கருவியே அழைக்கும்.

ஒரு படகும் ஒரு மீதிப் பயணியும்

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குச் செல்லும் பயணிகளைப் பதிவு செய்வதற்கு மாணவர் ஒருவர் செய்நிரல் எழுதுகின்றார் எனக் கொள்க. படகில் 80 பேருக்கு மேல் ஏற்றலாகாது என்பது விதி. ஏறுவோர் பெயர்கள் பதிவேட்டுக் கோப்பொன்றிற் சேர்க்கப்படுகின்றன. பதிவேட்டிலுள்ள தொகை 80இற்குக் குறைவாயின் அடுத்தவரை ஏற்றுக என்று எழுதவேண்டிய இடத்தில், 80 அல்லது அதற்குக் குறைவாயின் ஏற்றுக என மாணவர் எழுதிவிடுகின்றார். தொடக்க நிலையினர் மட்டுமன்றித் தேர்ந்தோரும் இழைக்கும் வழு இது. இதன் விளைவாக 81ஆம் பயணியும் படகேறிவிடுவார்.

மாணவர் இரு சோதனைகளை எழுதியுள்ளார். வெறும் பதிவேட்டில் ஒருவரைச் சேர்த்தால் ஒரு பெயர் இருக்கவேண்டும் என்பது முதலாவது. எண்பதின்மரை ஏற்றிய பின் வரும் 81ஆம் பயணி மறுக்கப்படவேண்டும் என்பது இரண்டாவது. துப்புரவு முறையை அவர் எழுதவில்லை. முதற் சோதனை தேறுகின்றது; ஆயின் அது சேர்த்த பெயர் பதிவேட்டில் எஞ்சிவிடுகின்றது. இரண்டாவது சோதனை தன் எண்பதின்மரை ஏற்றுகின்றது. மீதிப் பயணியுடன் தொகை இப்பொழுது 81. எண்பதின்மரும் ஏற்றுக்கொள்ளப்பட்டனர், ஏனெனில் கடைசியாளர் ஏறும்போது தொகை 80ஆக இருந்தது, வழுவுள்ள விதி அவரை அனுமதித்தது. அடுத்து வருபவர் மறுக்கப்படுகின்றார். சோதனை எதிர்பார்த்ததும் அதுவே. திரையில் இரு பச்சை அடையாளங்கள் தோன்றுகின்றன. மாணவர் மகிழ்கின்றார், மேற்பார்வையாளரும் மகிழ்கின்றார். அளவுக்கு மேல் ஒருவரை ஏற்றும் செய்நிரல் தேறிவிட்டது.

இதே அழுக்குப் பதிவேட்டில் வழுவற்ற செய்நிரலை இயக்கிப் பாருங்கள். மீதிப் பயணி ஓரிடத்தைப் பிடித்திருப்பதால் எண்பதாமவர் மறுக்கப்படுவார்; சோதனை தவறும். குற்றவாளியை விடுவித்து நிரபராதியைத் தண்டிக்கும் மன்றாக அச்சோதனை மாறிவிட்டது. சரியான விதியை எழுதிய மாணவர் சிவப்பு அடையாளத்தைக் கண்டு அஞ்சி, அதனைப் பிழையான விதியாக மாற்றிப் பச்சையைப் பெறுவாராயின், அவரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை உண்டு? குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். காற்றுக் காலத்தில் அக்கடலைக் கடந்தவர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய பாரம் இன்னதென்று நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் முறை இயக்கியபோது முதற் சோதனை தவறியிருக்கும். பதிவேட்டில் முன்னைய பெயர்கள் இருந்தன அல்லவா? மாணவர் என்ன செய்வார்? கோப்பைக் கையால் அழித்துவிட்டு மீண்டும் இயக்குவார். மாணவர் குழுவொன்று ஒரு தவணை முழுவதும் இவ்வாறே செய்துவந்ததை நான் கண்டிருக்கின்றேன். 'முதலில் கோப்பை அழிக்கவேண்டும், சேர்' என்று அவர்கள் எனக்குச் சொன்னபோது அவர்கள் குரலில் எவ்வித ஐயமும் தொனிக்கவில்லை. தானியங்கும் சோதனைக்குக் கையாற் செய்யும் சடங்கு எதற்கு என்று அவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளவுமில்லை.

வரிசையை நம்பியோர்

இவையெல்லாம் மாணவர் பிழைகள், தொழிலில் தேர்ந்தோர் இவ்வாறு செய்யார் எனச் சிலர் கூறலாம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கின்றது. 2011இல் ஜாவாவின் 7ஆம் பதிப்பு வெளிவந்தது. அதுவரை ஜேயுனிற் சோதனைகள் பெரும்பாலும் கோப்பில் எழுதப்பட்ட வரிசையிலேயே இயங்கிவந்தன. அவ்வரிசைக்கு மொழியை வகுத்தோர் ஒருபோதும் உறுதியளித்ததில்லை. ஆயினும் நடைமுறையில் அவ்வாறே நிகழ்ந்தமையால் அதனையே விதியெனப் பலரும் நம்பியிருந்தனர். புதிய பதிப்பு அவ்வரிசையைக் குலைத்தது. பல ஆண்டுகள் பச்சை காட்டிய சோதனைகள் பல நிறுவனங்களில் திடீரெனச் சிவந்தன. செய்நிரல்கள் மாறவில்லை, ஒரு சோதனை விட்டுச்சென்ற எச்சத்தை அடுத்த சோதனை தன் ஆயத்தமாகக் கொண்டிருந்த இரகசியமே வெளிப்பட்டது. 2012இல் வெளிவந்த ஜேயுனிற் 4.11 மாறாத வரிசையொன்றைத் தானே வகுத்து இக்குழப்பத்தைத் தணித்தது. ஆனால் அது கோப்பிலுள்ள வரிசையன்று. எவரும் முன்கூட்டி நம்பியிருக்க முடியாத வரிசையாகவே வேண்டுமென்று அமைக்கப்பட்டது.

எச்சத்தின் தன்மை அத்தகையது. நம் ஆழமற்ற கடலிற் கம்பு நாட்டிச் சிறகுவலை கட்டுவோரை எண்ணுக. கட்டியவன் கைவிட்டுப் போன வலை அவன் போனதை அறியாது; ஆளில்லாமலே மீனைச் சிக்கவைத்துக் கொன்றுகொண்டிருக்கும். நாட்டிய கம்பு இருளில் வரும் இன்னொருவன் வள்ளத்தைக் கிழிக்கும். வலை கட்டியவனுக்கு அதனால் நட்டமில்லை. பின்னர் வருபவனே அதன் விலையைக் கொடுக்கின்றான். சோதனையின் எச்சமும் அதனை எழுதியவனை வருத்துவதில்லை. அவன் பட்டம் பெற்றுப் போன பின்னர் அச்செய்நிரலைப் பொறுப்பேற்கும் இளையவனையே வருத்தும்.

எங்கே துப்புரவு செய்வது?

துப்புரவின் தேவையை ஒப்புக்கொள்வோரிலும் பலர் அதனைப் பிழையான இடத்திற் செய்கின்றனர். சோதனையின் கடைசி வரியில் 'பதிவேட்டை அழிக்க' என்று எழுதிவிட்டுத் திருப்தியடைகின்றனர். சோதனை தேறும்வரை இது பயன் தரும். இடையில் ஓர் எதிர்பார்ப்புத் தவறுமாயின் கணினி அவ்விடத்திலேயே சோதனையைக் கைவிட்டு வெளியேறிவிடும்; கடைசி வரி இயங்காது. ஒரு சோதனை தவற, அதன் அழுக்கால் அடுத்த பத்தும் தவறும். பதினொரு சிவப்பு அடையாளங்களில் எது மெய்யான நோய், எவை தொற்று என்று கண்டறிய அரைநாள் கழியும். துப்புரவைத் தனி முறையாகப் பிரித்து, சோதனை தேறினும் தவறினும் அதனைக் கருவி அழைக்கும்படி கென்ற் பெக் வகுத்த காரணம் இதுவே.

ஆயினும் அம்முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. ஆயத்தமே பாதி வழியில் முறிந்தால் என்னாகும்? தரவுத்தளத்தைத் திறந்தாயிற்று, கோப்பையும் உருவாக்கியாயிற்று, மூன்றாம் படியிற் பிழை நேர்ந்தது எனக் கொள்வோம். ஜேயுனிற்றின் பழைய மூன்றாம் பதிப்பிலும், இன்றுவரை பைதன் மொழியின் யுனிற்ரெஸ்ற் கருவியிலும், ஆயத்தம் முறிந்தால் துப்புரவு முறை அழைக்கப்படுவதில்லை. திறந்தவை திறந்தபடியே கிடக்கும். ஜேயுனிற்றின் நான்காம் பதிப்பு இக்குறையைப் போக்கி, ஆயத்தம் முறிந்தாலும் துப்புரவு இயங்கும் என உறுதியளித்தது. பைதன் மொழியார் வேறொரு வழியைக் கண்டனர். 2009இல் வெளிவந்த 3.1ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு பொருளையும் திறந்த அடுத்த வரியிலேயே அதனை மூடும் செயலைப் பதிந்துவைக்கலாம். ஆயத்தம் எந்தப் படியில் முறிந்தாலும், அதுவரை பதிந்தவை யாவும் தலைகீழ் வரிசையில் இயங்கும். கடைசியாகக் கட்டிய முடிச்சு முதலில் அவிழும். கோ மொழியும் 2020இல் தன் 1.14ஆம் பதிப்பில் இத்தகைய வசதியைச் சேர்த்துக்கொண்டது.

இவ்வழியையே நான் எல்லாவற்றினும் மேலானதாகக் கொள்கின்றேன். திறப்பதும் மூடுவதும் அடுத்தடுத்த இரு வரிகளாக நிற்கும்போது, ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாத கண் உடனே உறுத்தும். ஆயத்தம் ஒரு பக்கத்திலும் துப்புரவு மூன்று பக்கங்களுக்கு அப்பாலும் கிடக்கும்போது மறதி இயல்பாகவே நுழையும்.

மாற்றாரின் வாதங்கள்

எதிர்த்தரப்பார் கூறும் நான்கு வாதங்களை இனி நோக்குவோம்.

'ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் பழையதை அழித்துவிட்டால் போதும், முடிவில் துப்புரவு எதற்கு?' என்பர் சிலர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. மின்சாரம் திடீரென நின்றால் எந்தத் துப்புரவு முறையும் இயங்காது. தொடக்கத்திலும் அழிப்பவனே அந்நிலையிற் பிழைப்பான். தவறிய சோதனையின் தடயங்கள் எஞ்சியிருப்பது வழுவைத் தேடுவதற்கும் உதவும். ஆயினும் தொடக்கத்தில் அழிப்பவன் தனக்குத் தெரிந்த அழுக்கையே அழிக்கின்றான். உன் சோதனை மாற்றிவிட்டுச் சென்ற கணினிக் கடிகாரத்தையோ சூழல் மாறியையோ என் சோதனை எவ்வாறு அறியும்? விட்டவனே அறிவான்; ஆதலின் விட்டவனே நீக்கவேண்டும். தொடக்கத்தில் அழித்தல் கூடுதற் காப்பாகலாம். முடிவிற் செய்யும் துப்புரவுக்கு அது ஈடாகாது.

'ஒரே ஆயத்தத்தை எல்லாச் சோதனைகளுக்கும் ஒருமுறை செய்துவைத்தால் நேரம் மிச்சமாகும்' என்பது இரண்டாவது வாதம். மாறாத பொருளாயின் இதனை ஏற்கலாம். படகு நேர அட்டவணையை ஒருமுறை வாசித்துப் பலரும் பயன்படுத்துவதில் தீங்கில்லை. மாறும் பொருளைப் பொதுவில் வைத்தல் ஒரே சோதனைக் குழாயிற் கழுவாது பத்துச் சோதனைகளைச் செய்வதற்கு ஒப்பாகும். தரவுத்தளத்தைத் திறக்க நேரமாகுமாயின் ஒருமுறை திறந்துவிட்டு, ஒவ்வொரு சோதனையும் செய்யும் மாற்றங்களை உறுதிப்படுத்தாது இறுதியில் மீளப்பெற்றுவிடும் வழி இருக்கின்றது. வேகமும் தூய்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மூன்றாம் தரப்பார் மீளச்சொல்லலை வெறுப்போர். ஒரு வரி இருமுறை வந்தாலும் அதனைப் பொது ஆயத்தத்துக்குள் தள்ளிவிடுவர். காலப்போக்கில் அம்முறை இருநூறு வரிகளாக வீங்கும். பதிவேடு, பயணி, படகு, கட்டணம், வானிலை என அனைத்தும் அதற்குள் அடைக்கப்படும். தனித்தனிச் சோதனைக்கு அவற்றில் ஒன்றோ இரண்டோதான் வேண்டியிருக்கும். சோதனையைப் படிப்பவர் அது எதனை நம்பி நிற்கின்றது என்பதை அறியமாட்டார். 2007இல் வெளிவந்த தம் நூலில் ஜெரார்ட் மெசாரோஸ் இத்தகைய குறைகளுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தினார். சோதனையின் உடலிற் காணப்படாது வெளியிலிருந்து வந்து முடிவை நிர்ணயிக்கும் பொருளை அவர் மர்ம விருந்தாளி என்று அழைத்தார். எல்லாச் சோதனைகளுக்கும் மெய்யாகவே பொதுவானது மட்டும் ஆயத்த முறையில் இருக்கட்டும். ஒரு சோதனையின் பொருளை விளக்கும் வரி அச்சோதனைக்குள்ளேயே நிற்கட்டும். 80 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று படிப்பவர் தேடியலையும்படி விடலாகாது.

நான்காம் தரப்பார் மறுகோடியில் நிற்போர். ஆயத்த முறையும் துப்புரவு முறையும் தீங்கே விளைத்தன, இரண்டையும் ஒழித்துவிடுக என்பர். என்யுனிற் கருவியை எழுதியோருள் ஒருவரான ஜேம்ஸ் நியூகேர்க் இக்கருத்தினராகி, பிராட் வில்சனுடன் இணைந்து உருவாக்கிய எக்ஸ்யுனிற் டொற் நெற் கருவியிலிருந்து அவ்விரு முறைகளையும் நீக்கினார். இதனைச் சிலர் துப்புரவுக்கே விடைகொடுத்ததாகக் கொண்டாடுவது வியப்பாக உள்ளது. அக்கருவியில் ஒவ்வொரு சோதனைக்கும் புதிய பொருள் உருவாக்கப்படுகின்றது. அதன் ஆக்குமுறை ஆயத்தத்தைச் செய்கின்றது. அதனைக் கைவிடும் முறை துப்புரவைச் செய்கின்றது. பெயர் நீங்கிற்று, கடமை நீங்கவில்லை. நியூகேர்க்கின் மெய்யான போதனை, இயன்றவரை துப்புரவே தேவைப்படாத புதிய பொருளைக் கொண்டு சோதியுங்கள் என்பதே. பதிவேட்டை வட்டிற் கோப்பாக வைக்காது நினைவகத்தில் வைத்திருந்தால், நம் மீதிப் பயணி முதற் சோதனையுடனேயே மறைந்திருப்பார். இப்போதனையை நான் முழுமனத்துடன் ஏற்கின்றேன். கோப்பு, தரவுத்தளம், கடிகாரம், வலையமைப்பு முதலான புறப்பொருள்களைத் தொடவேண்டி வரும்போதுதான் துப்புரவுக் கடமை எழுகின்றது.

முடித்துவைக்காத முன்னேற்பாடு

சோதனைக் களத்துக்கு அப்பாலும் இக்குணம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. 1996 யூன் 4இல் ஐரோப்பியரின் ஏரியான் 5 ஏவுகலம் தன் முதற் பயணத்திலேயே, புறப்பாடு தொடங்கி ஏறத்தாழ 40 செக்கன்களில், சுமார் 3700 மீற்றர் உயரத்திற் சிதறியது. கலத்தின் திசையை உணரும் கருவியிலிருந்த ஒரு செய்நிரற் பகுதி, புறப்படுமுன் கருவியைச் சீராக்குவதற்கென எழுதப்பட்டது. கலம் எழும்பிய பின் அதற்கு எப்பயனும் இல்லை. முன்னைய ஏரியான் 4இன் தேவை கருதி, எழும்பிய பின்னரும் ஏறத்தாழ 40 செக்கன்கள் அதனை ஓடவிடும் வழக்கம் மாற்றமின்றித் தொடர்ந்தது. வேலை முடிந்தும் ஓடிக்கொண்டிருந்த அப்பகுதியிலேயே, 64 துணுக்கு எண்ணொன்றை 16 துணுக்குக்குள் அடக்க முயன்று கருவி செயலிழந்தது. இது சோதனைச் செய்நிரலிலன்றிப் பறக்கும் செய்நிரலில் நேர்ந்த பிழை என்பதை மறுக்கவில்லை. முன்னேற்பாட்டைத் தொடங்கியோர் அதனை முடித்துவைப்பதையும் தம் பணியாகக் கருதவேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவானது.

செய்யவேண்டுவன

மாணவர்க்கு என் வேண்டுகோள் நான்கு. உங்கள் சோதனைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே இயக்குங்கள். பின்னர் வரிசையைக் கலைத்து இயக்குங்கள். பின்னர், இடையில் எதனையும் கையால் அழிக்காது, அடுத்தடுத்து இருமுறை இயக்குங்கள். இறுதியாக, ஒரு சோதனையை வேண்டுமென்றே நடுவில் முறியச் செய்து ஏனையவை பச்சையாகவே நிற்கின்றனவா என்று பாருங்கள். இந்நான்கிலும் விடை மாறாத சோதனைத் தொகுதியே சாட்சி சொல்லத் தகுதியுடையது.

விரிவுரையாளர்க்கு வேண்டுகோள் ஒன்றே. பச்சை அடையாளங்களின் தொகைக்குப் புள்ளி வழங்குவதை நிறுத்தி, மேற்கூறிய நான்கிற்கும் புள்ளி வழங்குங்கள். தவறிய சோதனையை மீண்டும் மீண்டும் இயக்கிப் பச்சை வரும்வரை காத்திருக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளிலேயே தொடங்குகின்றது. சிவப்பு அடையாளத்தை நம்பாதிருக்கக் கற்றுக்கொண்ட மாணவன், நாளை வைத்தியசாலையிலோ வங்கியிலோ இறங்குதுறையிலோ இயங்கும் செய்நிரல் ஒன்றின் முன் அமரும்போதும் அவ்வாறே நடந்துகொள்வான்.

தீவகத்து மாணவனுக்கு இதனைச் சொல்லி விளங்கவைப்பதில் எனக்கு இதுவரை இடர்ப்பாடு இருந்ததில்லை. கொடியை ஏற்றிவிட்டு இறக்காது போகலாமா என்று கேட்டால், அவன் சிரித்துவிட்டுத் தன் செய்நிரலைத் திருத்தப் போகின்றான். ஏனையோரும் அவ்வாறு செய்வாராக.